‘தீ வைத்தனர்’ என்று எழுதுமுன்: தமிழ்ச் செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். ஆங்கிலச் செய்தியைத் தமிழாக்குவதும் திருத்துவதுமே பிழைப்பாக உள்ள சிலர் சேர்ந்து இதை எழுதுகிறோம். கலிஃபோர்னியாக் காட்டுத்தீ பற்றி அண்மையில் ஒரு தொலைக்காட்சியின் ஓடுவரியில் ‘காட்டுக்குத் தீ வைத்தது மனிதர்களே: அதிகாரிகள் உறுதி’ என்று வந்தது. அதிகாரிகள் சொன்னதோ ‘ஹ்யூமன் காஸ்டு’ (human-caused). இது முதல் தடவை அல்ல என்பது உங்களுக்கும் தெரியும்.

‘ஹ்யூமன் காஸ்டு’ என்றால் மின்னல் போன்ற இயற்கைக் காரணம் இல்லை என்ற அளவுதான் பொருள். அணைக்காமல் விட்டுப்போன முகாம் அடுப்பு, குப்பை கொளுத்தியபோது பறந்த பொறி, தார்ச்சாலையில் இழுபட்டுப்போன டிரெய்லர் சங்கிலி, அறுந்த மின்கம்பி எல்லாமே அதில் அடக்கம். வேண்டுமென்றே வைத்த தீ அதில் ஒரு வகை, அவ்வளவே.

2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊரையே சாம்பலாக்கிய ‘கேம்ப் ஃபயர்’ தீயை எடுத்துக்கொள்ளுங்கள். மிகப் பழைய உயரழுத்த மின்கோபுரம் ஒன்றில் கம்பியைத் தாங்கிய இரும்புக் கொக்கி, காற்றில் ஆடி ஆடித் தேய்ந்து, நவம்பர் 8 காலை முறிந்தது. விடுபட்ட கம்பி கோபுரத்தில் பட்டுப் பொறி சிதற, கீழே காய்ந்து கிடந்த புல் பற்றிக்கொண்டது. 85 பேர் மாண்டார்கள். 2020-இல் பிஜி அண்ட் இ மின் நிறுவனம் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்ட குற்றங்கள், 84 பேரின் சாவுக்குக் காரணமானதும் சட்டவிரோதமாகத் தீ மூளக் காரணமானதும். ‘ஆர்சன்’, அதாவது தீவைப்புக் குற்றம், அந்தப் பட்டியலில் இல்லை. அந்த மாநிலத் தண்டனைச் சட்டத்தின் 451-ஆம் பிரிவுதான் ஆர்சன்; அதற்குத் தெரிந்தே செய்ததும் தீய நோக்கமும் வேண்டும். விளைவைப் பொருட்படுத்தாமல் நடந்து தீ மூட்டிவிடுவது 452. எண்ணில் ஒன்றுதான் கூடுகிறது, குற்றமே வேறு. உங்கள் ஓடுவரிக் கணக்கில் இரண்டுமே ‘தீ வைத்தனர்’தான்.

நாங்கள் கேட்பது ஒன்றுதான்: சொல்லைச் சொன்னவர் யார் என்று பார்த்துவிட்டுத் தமிழாக்குங்கள்.

தீப் புலனாய்வாளர் சொல்லும் சொல் ‘இன்செண்டியரி’. தீயின் காரணத்தை அவர்கள் நான்காகப் பிரிப்பது வழக்கம்: தற்செயல், இயற்கை, வேண்டுமென்றே மூட்டியது, தீர்மானிக்க முடியாதது. மூன்றாவதுதான் இன்செண்டியரி. அது தீயைப் பற்றிய முடிவு. எந்த ஆளையும் கைகாட்டுவதில்லை. ‘ஆர்சன்’ சட்டத்தின் சொல், அதை நிறுவ வேண்டிய இடம் நீதிமன்றம். நம் நாட்டுச் சட்டமோ அந்தச் சொல்லையே எடுக்காமல் ‘தீயால் கேடு விளைவித்தல்’ என்ற போக்கில் எழுதப்பட்டது. பழைய தண்டனைச் சட்டத்தின் 435, 436 பிரிவுகள் இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 326-க்குள் போய்விட்டன.

நான்காவது வகைக்கு, அதாவது ‘தெரியவில்லை’ என்பதற்கு, நம் செய்தியறைகளில் இடமே இல்லை. எரிந்தது எதுவானாலும் முதல் ஐந்து நிமிடத்தில் அது ‘தீ விபத்து’ ஆகிவிடுகிறது. மறுநாள் ஆள் கைதானதும் ‘மர்ம நபர் தீ வைத்ததில் தீ விபத்து’ என்று தலைப்பு. வைத்தால் அது எப்படி விபத்து? ‘தீப்பிடித்தது’ என்று நம் வீட்டுப் பாட்டிகூடச் சொல்வார். காரணம் தெரியும்வரை அதுவே போதும்.

இதில் அவசரம் எவ்வளவு ஆபத்து என்பதற்கு ஒரே ஒரு வழக்கு. டெக்சஸ் மாநிலத்தின் கோர்சிகானா ஊரில் 1991 டிசம்பரில் வீடு எரிந்து மூன்று பெண் குழந்தைகள் இறந்தார்கள். சன்னல் கண்ணாடியில் சிலந்திவலைபோல் ஓடிய விரிசல், எரிபொருள் ஊற்றியதற்குத் தடயம் என்றார்கள். தந்தை கேமரன் டாட் வில்லிங்கமே தீ வைத்தார் என்று தீர்ப்பாகி, 2004-இல் அவருக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. சூடேறிய கண்ணாடிமேல் தீயணைப்புக் குழாய்த் தண்ணீர் பட்டாலே அப்படி விரிசல் ஓடும். புலனாய்வாளரே இப்படிச் சறுக்கும் இடத்தில் ஓடுவரி எழுதுபவருக்கு என்ன அவசரம்?

‘பைரோமேனியாக்’ மனநல மருத்துவரின் சொல், தீ மூட்டும் மனநோய் உள்ளவரைக் குறிப்பது. ஒன்றுக்கு மேற்பட்ட தடவை வேண்டுமென்றே தீ மூட்டியிருக்க வேண்டும். மூட்டுமுன் ஒரு பதைப்பு, மூட்டியபின் இன்பமோ நிம்மதியோ இருக்க வேண்டும். காப்பீட்டுப் பணத்துக்காக, பழிவாங்க, வேறு குற்றத்தை மறைக்க, குடிபோதையில் வைத்தால் அந்தப் பெயர் பொருந்தாது. கைதான ஒவ்வொருவரையும் ‘தீ வைக்கும் சைக்கோ’ என்று எழுதும் தம்பிகள் இதை ஒருமுறை படித்தால் நல்லது. தீ வைப்பவரை ‘ஃபயர்பக்’ என்பது அமெரிக்கத் தெருப்பேச்சு. ‘தீப்பூச்சி’ என்று போட்டுவிடாதீர்கள், அந்தப் பெயரில் உண்மையாகவே ஒரு பூச்சி இருக்கிறது. ஸ்காட்லாந்துச் சட்டத்தில் தீவைப்பைக் குறிக்கும் ‘ஃபயர் ரெய்சிங்’கைக் கணினியிடம் கொடுத்து ‘தீயை உயர்த்தினார்’ என்று வாங்கவும் வேண்டாம்.

பேச்சுக்கு வந்தால் நிலைமை இன்னும் விசேஷம். ‘இன்செண்டியரி ஸ்பீச்’ என்றால் கலவரத்தைத் தூண்டும் பேச்சு, கண்டனச் சொல். நம்மவர் அதை ‘அனல் பறக்கும் பேச்சு’ ஆக்கி, பேசியவருக்கு மாலையே போட்டுவிடுகிறார்கள். பகைவர் நாட்டை எரிப்பதற்கென்றே வஞ்சித் திணையில் ‘எரிபரந்தெடுத்தல்’ என்று துறை வகுத்த மொழி இது. சொல் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். இரவுப் பணியில் ஒரே ஆள் நான்கு நாட்டுச் செய்தியைப் பார்க்கிறார் என்பதும் தெரியும். அதனால் அவர் மேசையில் ஒட்ட ஆறே வரி தருகிறோம். காரணம் தெரியாதவரை ‘தீப்பிடித்தது’. ‘ஹ்யூமன் காஸ்டு’ வந்தால் ‘மனிதச் செயலால் மூண்ட தீ’. ‘இன்செண்டியரி’ வந்தால் ‘வேண்டுமென்றே மூட்டப்பட்ட தீ’, ஆள் பெயர் வேண்டாம். ‘ஆர்சன்’ வந்தால் ‘தீவைப்புக் குற்றம்’. தீர்ப்பு வரும்வரை ‘குற்றச்சாட்டு’. மருத்துவர் சொல்லாமல் ‘பைரோமேனியா’ இல்லை.

அந்த ஓடுவரிக்கு ஒரு திருத்தமும் போட்டுவிடுங்கள். தயவுசெய்து, சொன்னவர் யார் என்று பார்த்துவிட்டு.

இப்படிக்கு,
செய்தி மொழிபெயர்ப்பாளர்கள் சிலர்