அந்த போனை ஒரு வருஷம் கழிச்சும் பாருங்க சார்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன இதழ்ல உங்க டெக் பக்கத்துல வந்த போன் ரிவ்யூ படிச்சேன். கேமரா அசத்தல், டிஸ்ப்ளே மிரட்டல், பேட்டரி நாள் முழுக்க தாங்குதுன்னு எல்லாம் இருந்துச்சு, ஆனா எழுதினவர் கைல அந்த போன் எத்தனை நாள் இருந்துச்சுன்னு மட்டும் எங்கயும் இல்ல. கம்பெனி குடுத்ததா, காசு குடுத்து வாங்கினதா, அதுவும் இல்ல.

இதை கேக்க நீ யாருய்யான்னா, நானே ஒரு காலத்துல பயங்கர வெறியன். எட்டு வருஷமா ஒரே பிராண்டுதான். பேர் சொல்லல, சொன்னா அவங்க ஆளுங்க கிளம்பி வந்துருவாங்க (நானும் அப்படி கிளம்பிப் போனவன்தான்). போன வருஷம் ராத்திரி ஒரு அப்டேட் போட்டுட்டு படுத்தேன், காலைல எந்திரிச்சு பாத்தா ஸ்க்ரீன்ல மேலருந்து கீழ வரைக்கும் பச்சையா ஒரு கோடு. வாரன்டி முடிஞ்சிருச்சு. அப்பவும் கம்பெனிய நான் ஒரு வார்த்தை திட்டல சார். அக்கா பையன் "என்ன மாமா, கோடு விழுந்துருக்கு"ன்னு கேட்டான், நான் "கீழ போட்டுட்டேன்டா"ன்னு பொய் சொன்னேன். நான் போடவே இல்ல. அவன் வச்சிருக்கறது வேற பிராண்டு, அவன்கிட்ட எப்படி ஒத்துக்கறது?

இந்த வெறி எவ்ளோ வெட்டி வேலைன்னு பின்னாடிதான் உறைச்சுது. 2016ல ஐபோன் 7ல ஹெட்போன் ஜாக்கை தூக்கினாங்க. அதே வருஷம் கூகுள் தன்னோட முதல் பிக்ஸல் போன் விளம்பரத்துல எங்ககிட்ட ஜாக் இருக்குன்னு குத்திக் காட்டுச்சு, அடுத்த வருஷம் பிக்ஸல் 2ல ஜாக்கை காணோம். 2020ல ஐபோன் 12 பாக்ஸ்ல சார்ஜர் இல்லன்னதும் சாம்சங் சார்ஜர் படத்தை போட்டு நக்கல் அடிச்சுது, 2021 ஜனவரில வந்த அவங்களோட கேலக்ஸி எஸ்21 பாக்ஸ்லயும் சார்ஜர் இல்ல, பழைய நக்கல் போஸ்டையும் சத்தமில்லாம எடுத்துட்டாங்க. அவன் போஸ்டை அழிச்சிட்டான், அதுக்காக நம்மாளுங்க போட்ட சண்டையெல்லாம் இன்னும் அப்படியே கெடக்கு.

சரி, மீடியாவுக்கு வரேன். புது போனை கொஞ்ச நாள் முன்னாடியே ரிவ்யூவர் கைல குடுத்து, இந்த தேதி இந்த மணிக்கு முன்னாடி வாய் தொறக்கக் கூடாதுன்னு எம்பார்கோ போடுறாங்க. மணி அடிச்சதும் எல்லா ரிவ்யூவும் ஒரே நிமிஷத்துல வந்து விழுது. ஒரு மாசம் பொறுமையா பயன்படுத்திட்டு எழுதுறேன்னு ஒருத்தர் நின்னா அதை படிக்க ஆள் இருக்காது, ரொம்ப கடுமையா எழுதினா அடுத்த போன் வருமாங்கற பயம் வேற. யாரும் லஞ்சம் குடுக்கணும்னே அவசியமில்ல, இதுவே போதும். காசு வாங்கிட்டு பேசுற கதையும் இருக்கு: அமெரிக்காவுல ரேடியோ அறிவிப்பாளர்கள் பிக்ஸல் 4ஐ தாங்களே பயன்படுத்தின மாதிரி புகழ்ந்து தள்ளுனாங்க, விளம்பரம் ரெக்கார்ட் பண்ணப்ப பெரும்பாலும் போன் அவங்க கைக்கே வரல. 2022ல அந்த கேஸ்ல கூகுளும் ஐஹார்ட்மீடியாங்கற ரேடியோ கம்பெனியும் 94 லட்சம் டாலர் கட்ட ஒத்துக்கிட்டாங்க.

ஆனா உண்மைய எழுதினா வேலை நடக்குது. 2019ல சாம்சங்கோட மடிக்கற போன் கேலக்ஸி ஃபோல்டு, ரிவ்யூவர்ஸ் கைல ரெண்டு மூணு நாள்லயே ஸ்க்ரீன் போச்சு, அவங்க படம் எடுத்து போட்டாங்க, ஏப்ரல்ல வர வேண்டிய போன் செப்டம்பருக்கு தள்ளிப் போச்சு. அப்படி எழுதறவங்களுக்கு நம்ம ஜனங்க குடுக்கற மரியாதையும் தெரிஞ்சதுதான். 2024ல ஹியூமேன் கம்பெனியோட ஏஐ பின்னை (சட்டைல மாட்டிக்கற ஏஐ கருவி) யூடியூப் ரிவ்யூவர் மார்க்கஸ் பிரவுன்லீ மோசம்னு சொன்னதுக்கு, ஒரு சின்ன கம்பெனிய அழிக்கப் பாக்கறார்னு அவர் மேல பாஞ்சாங்க. 2025 பிப்ரவரி 28ஓட அதோட சர்வரையே மூடிட்டாங்க, 699 டாலர் குடுத்து வாங்கினவங்க கைல வெறும் டப்பா.

நான் கேக்கறது பெரிசா ஒண்ணும் இல்ல. ரிவ்யூவுக்கு கீழ ஒரு வரி, போன் எங்கருந்து வந்துச்சு, எத்தனை நாள் கைல இருந்துச்சுன்னு. அப்புறம் ஒரு வருஷம் கழிச்சு அதே போனுக்கு அரை பக்கம், பேட்டரி எப்படி இருக்கு, அப்டேட் வந்துச்சா, ரிப்பேர்னு போனா சர்வீஸ் சென்டர்ல என்ன சொல்றாங்கன்னு. போனை கம்பெனிக்கே திருப்பி அனுப்பிட்டீங்கன்னா, காசு போட்டு வாங்கின வாசகர்கள் நாங்க இருக்கோம், எங்கள கேளுங்க. பச்சைக் கோடு விழுந்த போன் ஒண்ணு என்கிட்டயே இருக்கு, முதல் அரை பக்கத்துக்கு வேணும்னா குடுத்து விடுறேன். சார்ஜர் மட்டும் நீங்க பாத்துக்கணும், அது பாக்ஸ்லயே வரல.

இப்படிக்கு,
உங்க பழைய வாசகன்