பாய்ப்படகுப் போட்டி கரையில நிக்கிற சனத்துக்கும் விளங்கவேணும்

ஆசிரியருக்கு வணக்கம்,

போன ஞாயிறு வல்வெட்டித்துறைப் பக்கம் பாய்ப்படகுப் போட்டி பாக்கப் போனனாங்கள். சனம் எண்டா நல்ல சனம், வெயிலுக்க குடையும் பிடிச்சுக்கொண்டு நிண்டினம், ஆனா போட்டி எப்ப தொடங்கினது எண்டு முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. லவுட்ஸ்பீக்கரில சினிமாப் பாட்டு, பிறகு பிரமுகர்மாரின்ட பேச்சு, பேச்சு முடிய படகுகள் போயிட்டுது.

உண்மையில பாக்கவேண்டியதே அந்தத் தொடக்கம்தான். பாய்ப்படகை ஓட்டப்போட்டிக்காரர் மாதிரி கோட்டில நிப்பாட்டி வைக்கேலாது, அதுக்கு பிரேக் இல்லையே. நடுவர் படகுக்கும் ஒரு மிதவைக்கும் இடையில கண்ணுக்குத் தெரியாத ஒரு கோடு, அதுக்குப் பின்னால எல்லாரும் சுத்திக்கொண்டு நிப்பினம். 5 நிமிசத்துக்கு முன்னம் ஒரு கொடி ஏறும், 4 நிமிசத்தில இன்னொண்டு, வழக்கமா நீலத்தில வெள்ளைச் சதுரம் போட்டது, அது 1 நிமிசம் இருக்கேக்க இறங்கும், பிறகு முதல் கொடியும் இறங்கினா வெளிக்கிட வேண்டியதுதான். ஹோர்ன் சத்தம் கேக்காட்டியும் கொடிதான் கணக்கு. அந்த நேரம் பொடியள் பாயைத் தளத்திறதும் இழுக்கிறதும், மற்றவன்ட காத்தை மறைக்கிறதும், அப்பப்பா! முந்திக் கோட்டைத் தாண்டினா வெள்ளையில நீலச் சிலுவைக் கொடி ஏறும், திரும்பி வந்து பிறகும் தொடங்கவேணும். அண்டைக்கு ஒரு படகு அப்பிடித் திரும்பி வர, பக்கத்தில நிண்டவை "பயத்தில திரும்பி வாறான்" எண்டு கூக்காட்டிச்சினம்.

இதெல்லாம் எந்த ஊரில எண்டு பாருங்கோ. இங்க கட்டின அன்னபூரணி பாய்க்கப்பல் 1938ல அமெரிக்காவின்ட குளொஸ்டர் துறைமுகம் வரைக்கும் போனது, ஓட்டிக்கொண்டு போனதும் எங்கட ஆக்கள்தான்.

நடத்திறவையிட்ட கேக்கிறது பெரிசா ஒண்டுமில்ல. தொடக்கத்துக்கு முதல் பாட்டையும் பேச்சையும் நிப்பாட்டிப்போட்டு, விசயம் தெரிஞ்ச ஒராளிட்ட மைக்கைக் குடுங்கோ, பழைய கடலோடி அப்புமார் எத்தினை பேர் சும்மா இருக்கினம். மற்றது தென்மேற்குக் காத்தடிக்கிற சோளகக் காலத்தில எங்கட வடக்குக் கரையில காத்து தரையில இருந்துதான் கடலுக்குப் போகும், தொடங்கிறதும் வழக்கமா காத்துக்கு எதிர்ப்பக்கமா, அப்ப படகுகள் கரையைப் பாத்துத்தான் வளைஞ்சு வளைஞ்சு வரும். கரைக்குக் கிட்ட காத்துக் குழம்பும் எண்டு சொல்லுவினம், அது சரிதான், எண்டாலும் கடலுக்கடியில கிடக்கிற பாரும் ஆழமும் பாத்து, படகுகள் முதலில சுத்தவேண்டிய மிதவையைக் கொஞ்சம் கரைப்பக்கமா எடுத்தா என்ன? இப்ப போட்டிருக்கிற தூரத்துக்கு பைனாகுலர் இல்லாம வெள்ளைப் பொட்டுகள்தான் தெரியுது. பிரமுகர்மார் பரிசு குடுக்கேக்க ஆறுதலாப் பேசட்டும்.

இப்படிக்கு,
பருத்தித்துறை வாசகர் ஒருவர்