விளையாடும் முன் பிள்ளைகளின் முதுகை அழுத்தாதீர்கள்

சுங்கை சிப்பூட் வட்டாரத் தமிழ்ப்பள்ளிகளின் புறப்பாடப் பொறுப்பாசிரியர்களுக்கும், தோட்டக் காற்பந்துக் குழுக்களின் பயிற்றுநர்களுக்கும், பெற்றோர் ஆசிரியர் சங்கப் பொறுப்பாளர்களுக்கும் வணக்கம்.

ஊதியம் எதையும் எதிர்பாராமல் சனிக்கிழமைக் காலைகளையும் மழை விட்ட மாலைகளையும் திடலிலேயே கழிக்கும் உங்களால்தான் நம் பிள்ளைகள் பலர் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுப் பந்தைத் தேடி வருகிறார்கள். இயன்முறை சிகிச்சையாளராகப் பணிபுரியும் நான் அதை நன்றியோடு சொல்லிவிட்டே விஷயத்துக்கு வர விரும்புகிறேன். நம் திடல்களில் வேரூன்றிவிட்ட ஒரு பழக்கத்தை இந்தப் பருவத்திலேயே கைவிடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்வதே இம்மடலின் நோக்கம்.

பனி ஈரம் காயாத புல்லில் பத்து வயதுப் பையன் கால்களை நேராக நீட்டி உட்கார்ந்திருக்கிறான். அவனுடைய விரல் நுனி காலணியின் முனையை எட்டவில்லை. உடனே பெரியவர் ஒருவரோ மூத்த ஆட்டக்காரன் ஒருவனோ பின்னால் வந்து, அவன் முதுகில் கைகளை ஊன்றி, "சாத்து, டுவா, தீகா" என்று மலாயில் இருபது வரை எண்ணி அழுத்துகிறார். பையன் மூச்சை அடக்கிக்கொள்கிறான், முழங்கால்கள் தரையை விட்டு எழும்புகின்றன, கீழ்முதுகு கூனுகிறது, இடுப்பு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தொடையின் பின்தசையை நீட்டுவதற்காகச் செய்யப்படும் பயிற்சியில் உண்மையில் இழுபடுவது பெரும்பாலும் முதுகுதான் என்பதை அந்தக் கூனலே காட்டிவிடும். கை எடுக்கப்பட்டதும் அவன் எழுந்து போய் நேராக ஆட்டத்தில் இறங்குகிறான்.

இவ்வாறு அசையாமல் பிடித்து நீட்டுவது ஆட்டத்துக்கு உடலைத் தயார்ப்படுத்தும் என்றுதான் நாம் எல்லாரும் கேட்டு வளர்ந்தோம். தசைநீட்டலை ஆராயும் டேவிட் பெஹ்மும் அவருடைய குழுவினரும் பல ஆய்வுகளைத் தொகுத்து 2016ஆம் ஆண்டு வெளியிட்ட கட்டுரை வேறு விதமாகச் சொல்கிறது. அசையாமல் பிடித்து நீட்டிய உடனே தசையின் செயல்திறன் சராசரியாக 3.7 விழுக்காடு குறைந்தது. அசைந்தபடியே நீட்டியவர்களுக்கு 1.3 விழுக்காடு கூடியது. ஒரே தசையை 60 விநாடிக்கு மேல் நீட்டினால் இழப்பு அதிகம், அதற்குக் குறைவாக நீட்டினால் ஏறக்குறைய ஒரு விழுக்காடுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஆகவே, ஆட்டத்துக்கு முன் யாராவது பத்து விநாடி குனிந்து நிமிர்ந்தால் குடி முழுகிப் போகாது. ஆனால் ஆட்டத்துக்கு முன் உடலைச் சூடேற்றும் வெதுப்பல் பயிற்சி என்ற பெயரில் கால் மணி நேரமும் உட்கார்ந்த நிலையிலேயே கழிகிறதே, அதைத்தான் நான் எதிர்க்கிறேன். காயம் வராமல் அது காக்கும் என்ற நம்பிக்கைக்கும் வலுவான ஆதாரம் இல்லை. ஆஸ்திரேலியாவில் 1,538 புதிய இராணுவ வீரர்களிடம் நடத்தப்பட்டு 2000ஆம் ஆண்டு வெளிவந்த ஆய்வில், பயிற்சிக்கு முன் தசையை நீட்டியவர்களுக்கும் நீட்டாதவர்களுக்கும் இடையே கால் காயங்களில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

"நம் ஊர் வெயிலுக்கு வெதுப்பல் எதற்கு?" என்று கேட்பவர்களும் உண்டு. வெளியே அடிக்கும் வெயிலால் தோல்தான் சுடுகிறது. தசைக்குள் இரத்த ஓட்டம் கூடுவதற்கும், நரம்புகள் விரைந்து கட்டளையிடப் பழகுவதற்கும் அசைவு வேண்டும். மெல்லோட்டத்தில் தொடங்கி, பக்கவாட்டில் அடியெடுத்து ஓடி, ஒரு கையால் கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு காலை முன்னும் பின்னும் வீசி, நீண்ட அடி வைத்து இடுப்பைத் தாழ்த்தி நடந்து, கடைசியில் இரண்டு மூன்று குறுகிய விரைவோட்டங்களோடு முடித்தால் போதுமானது. வீச்சு சிறியதாகத் தொடங்கித் தானாகப் பெரிதாக வேண்டும். முதல் வீச்சிலேயே காலைத் தலைக்கு மேல் எறியச் சொல்ல வேண்டாம்.

இதைத் திட்டமாகவே வேண்டுவோருக்கு, உலகக் காற்பந்துச் சம்மேளனத்தின் ஃபிஃபா 11+ என்ற வெதுப்பல் திட்டம் இருக்கிறது. இரண்டாயிரங்களின் நடுப்பகுதியில் உருவாக்கப்பட்ட அதன் இருபது நிமிடப் பயிற்சியில் அசையாமல் பிடித்து நீட்டும் பகுதியே கிடையாது; ஓட்டம், வலிமை, சமநிலை, தாவி இறங்குதல் ஆகியவைதான் உள்ளன. ஏழு முதல் பதின்மூன்று வயது வரையிலான பிள்ளைகளுக்கென்றே அதில் தனி வடிவமும் உண்டு. ஐரோப்பாவின் நான்கு நாடுகளில் ஏறக்குறைய 3,900 பிள்ளைகளை வைத்து நடத்தப்பட்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், அதைச் செய்த குழுக்களில் காயங்கள் 48 விழுக்காடு குறைந்தன. இதற்குச் செலவு ஏதும் இல்லை. ஒரு பந்தும் ஓரளவு சமமான புல்தரையும் போதும். அவை எந்தத் தோட்டத் திடலிலும் உள்ளவைதானே.

அப்படியானால் நெகிழ்வுத்தன்மையே வேண்டாமா என்றால், நிச்சயமாக வேண்டும். அதற்குரிய நேரம் வேறு என்பதே என் வாதம். பயிற்சி முடிந்து உடல் சூடாக இருக்கும்போது, தணித்தல் பயிற்சியின் பகுதியாக அதைச் செய்யலாம். இரவில் குளித்த பிறகு வீட்டிலும் செய்யலாம். தொடைப் பின்தசையை வாரம் ஐந்து நாள், ஆறு வாரங்களுக்கு நீட்டவைத்த 1994ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், 30 விநாடி பிடித்தவர்களும் 60 விநாடி பிடித்தவர்களும் ஒரே அளவு முன்னேறினார்கள். எனவே ஒரு காலுக்கு 30 விநாடி, ஓரிரு தடவை, வாரத்தில் பெரும்பாலான நாள் என்று செய்தால் பலன் வரும். போட்டிக்கு முந்திய வாரம் மட்டும் விழுந்து விழுந்து செய்தால் வராது. தொடக்க வாரங்களில் தெரியும் முன்னேற்றத்தில் பெரும்பங்கு, தசை நீண்டுவிட்டதால் வருவதன்று. இழுவையை உடல் பொறுத்துக்கொள்ளப் பழகுவதால் வருவது. அச்சுறுத்தி அழுத்தும்போது உடல் எதிர்த்து இறுகும் என்பதால்தான் முதுகில் கை வைப்பதை நான் இவ்வளவு வற்புறுத்தி மறுக்கிறேன்.

செய்யும் முறையும் எளிது. ஒரு குதிகாலைத் தாழ்வான பலகை மீதோ வாசல் படியிலோ வைத்து, முழங்காலை இம்மியளவு தளர்த்தி, முதுகை நிமிர்த்தியபடி இடுப்பிலிருந்து முன்னால் சாய வேண்டும். இழுவை தொடையின் நடுப்பகுதியில் தெரிந்தால் சரி. முழங்காலுக்குப் பின்குழியில் சுருக்கென்றோ பாதம் வரை மரத்தோ தெரிந்தால் அது நரம்பின் இழுவை. உடனே தளர்த்திக்கொள்ள வேண்டும். பேச முடியாத அளவு மூச்சு முட்டினாலும் இழுவை மிஞ்சிவிட்டது என்றே பொருள்.

இந்த முதுகழுத்தல் பள்ளிகளில் ஆண்டுக்கு இருமுறை நடக்கும் செகாக் என்ற உடற்தகுதிச் சோதனையை ஒட்டி வகுப்பறைகளிலும் நுழைந்துவிடுகிறது. அதில் கால் நீட்டி உட்கார்ந்து முன்னால் எட்டும் ஜங்காவான் மெலுஞ்சூரில் பதிவாகும் சென்டிமீட்டர், தசையின் நெகிழ்வை மட்டும் காட்டுவதில்லை. கை நீளத்துக்கும் கால் நீளத்துக்கும் உள்ள விகிதமும் அதில் கலந்திருக்கிறது. திடீரென உயரும் வயதில் கால்கள் முதலில் நீளும்போது, சென்ற தடவை எட்டிய பிள்ளை இம்முறை எட்டாமல் போகலாம். அது சோம்பலன்று. அந்த வயதில் முழங்காலுக்குச் சற்றுக் கீழே எலும்பு புடைத்து, தொட்டால் வலிக்கிறது என்று பிள்ளை சொன்னால், தொடைத் தசையை மேலும் இழுக்காமல் ஓட்டத்தையும் தாவுதலையும் குறைத்து, மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.

பயிற்றுநர்கள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொரு வகைப் பிள்ளைகளும் உண்டு. முழங்கை பின்னோக்கி வளையும், கட்டைவிரல் முன்கையைத் தொடும், குனிந்தால் உள்ளங்கை தரையில் படியும். பரதத்திலும் சிலம்பத்திலும் இவர்களைக் கண்டு எல்லாரும் வியப்போம். இவர்களுக்கு மேலும் நெகிழ்வு தேவையில்லை. மூட்டைத் தாங்கும் வலிமைதான் தேவை. எல்லாரையும் ஒரே வரிசையில் உட்காரவைத்து ஒரே எண்ணிக்கையில் அழுத்தும்போது முதலில் பாதிக்கப்படக்கூடியவர்கள் இவர்களே.

ஞாயிற்றுக்கிழமைகளில் ஆடும் பெரியவர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. வாரம் முழுவதும் அண்ணாந்து பார்த்தபடி நீண்ட கம்பில் அரிவாள் கட்டிச் செம்பனைக் குலை அறுத்துவிட்டு வரும் அண்ணன்மாருக்குக் கழுத்தும் கீழ்முதுகும் ஏற்கெனவே களைத்திருக்கும். கால்விரலைத் தொடச் சொல்வதை விட, இடுப்பின் முன்பக்கத்தையும் கெண்டைக்காலையும் தளர்த்தும் பயிற்சியை அவர்களுக்கு ஆட்டம் முடிந்த பின் கொடுங்கள்.

என் கோரிக்கைகள் மூன்று. ஆட்டத்துக்கு முன் யாரும் யாருடைய உடலையும் அழுத்தக்கூடாது என்பதைக் குழு விதியாகவே அறிவியுங்கள். பயிற்சி நேரத்தின் முதல் இருபது நிமிடத்தை அசைவுடன் கூடிய வெதுப்பலுக்கும், கடைசிப் பத்து நிமிடத்தை நிதானமான தசைநீட்டலுக்கும் ஒதுக்குங்கள். வீட்டில் செய்யும் முறையைப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் தாய்மாருக்கும் தந்தையருக்கும் செய்து காட்ட எனக்கு அரைமணி நேரம் தாருங்கள். சனிக்கிழமைக் காலையில் எந்தத் திடலுக்கு அழைத்தாலும் கட்டணம் ஏதுமின்றி வருகிறேன். பிள்ளைகள் காலணியோடும் தண்ணீர்ப் புட்டியோடும் வந்தால் போதும்.

அன்புடன்,
சுங்கை சிப்பூட் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர்