கடைசி மேசையில் நின்றுபோகும் சட்டம்: அமெரிக்க காங்கிரஸ் உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

பிரதிநிதிகள் சபையின் 435 பேருக்கும் செனட்டின் 100 பேருக்கும்,

வணக்கம்.

இதைத் தமிழில் எழுதக் காரணம் இருக்கிறது. இதே விஷயத்தைப் போன வருடம் ஆங்கிலத்தில் எழுதி என் தொகுதி உறுப்பினருக்கு அனுப்பினேன். ஆறு வாரம் கழித்து, கருத்துக்கு நன்றி, நெறிமுறை எனக்கும் முக்கியம் என்று நாலு வரி அச்சடித்து வந்தது. நான் கேட்ட கேள்வியைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. படிக்கப்போகாத கடிதத்தை எந்த மொழியில் எழுதினால் என்ன? தமிழில் எழுதினால் உங்களுக்கு ஓட்டுப் போடும் நாலு பேராவது படிப்பார்கள்.

குடியுரிமை வாங்கிய பிறகு 22 வருடம் கூட்டாட்சி அரசின் கொள்முதல் பிரிவு ஒன்றில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பெரிய பதவி இல்லை. வருகிற ஒப்பந்தப்புள்ளிகளைப் பிரித்துப் படித்து மதிப்பெண் போடும் நாலைந்து பேரில் ஒருத்தி. வருடத்துக்கு ஒருமுறை நெறிமுறைப் பயிற்சி உண்டு. அதில் எல்லோருக்கும் மனப்பாடம் ஆன கணக்கு: வெளியாள் ஒருவரிடமிருந்து ஒரு தடவைக்கு 20 டாலருக்கு மேல் பரிசு வாங்கக் கூடாது, வருடம் முழுக்கச் சேர்த்து 50 டாலரைத் தாண்டக் கூடாது. ஒரு டிசம்பரில் ஒரு நிறுவனத்திலிருந்து ரிப்பன் கட்டிய சாக்லேட் பெட்டி என் பெயருக்கு வந்தது. விலையைத் தேடிப் பார்த்தால் 34 டாலர். நெறிமுறை அதிகாரியைக் கூப்பிட்டேன். கெட்டுப்போகும் பொருள் என்பதால் அலுவலகத்தில் எல்லோருக்கும் பொதுவில் வைக்கலாம் என்றார். அப்படியே வைத்துவிட்டு, வைத்தேன் என்று மின்னஞ்சலும் எழுதிப் பதிவு செய்தேன். அந்தப் பெட்டியில் நான் ஒன்றுகூட எடுக்கவில்லை, எடுத்திருந்தால் தப்பில்லை என்றாலும்.

சாக்லேட் சின்ன விஷயம். என்னை நிஜமாகவே உலுக்கியது இன்னொன்று. என் கணவர் பெயரில் ஒரு நிறுவனத்தின் பங்குகள் கொஞ்சம் இருந்தன. அந்த நிறுவனத்தின் ஒப்பந்தப்புள்ளி என் மேசைக்கு வந்த வாரம் பங்கு விலை ஏறி, அவர் கையிருப்பு 15,000 டாலரைத் தாண்டிவிட்டது. அதுதான் வரம்பு. கணவர் பங்கு என் பங்கு. நான் எழுந்து ஒதுங்கவேண்டும், எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும், அந்தக் கோப்பு சம்பந்தமான மின்னஞ்சலில் என் பெயர்கூட இருக்கக் கூடாது. மூன்று வாரம் பக்கத்து மேசைக்காரர் என் வேலையையும் சேர்த்துப் பார்த்தார். எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரே கோபம். "ஆயிரத்துச் சொச்ச டாலர் கூடியதற்கு உன்னை ஜெயிலில் போடுவார்களா?" என்றார். போடலாம். கூட்டாட்சிக் குற்றவியல் சட்டத்தின் 208-வது பிரிவை மீறினால் ஒரு வருடம் வரை சிறை. தெரிந்தே மீறினால் ஐந்து வருடம் வரை.

இந்தச் சட்டத்தை நான் குறை சொல்லவில்லை. நல்ல சட்டம். பொதுப்பணத்தைக் கையாளும் ஆளின் சொந்த லாபம் அந்த அறைக்குள்ளேயே வரக் கூடாது என்கிறது. அவர் மனத்தில் என்ன இருந்தது என்று ஆராயவில்லை. ஆராயவும் முடியாது.

இந்தச் சட்டம் யாரையெல்லாம் தொடாது என்று ஒருநாள் தேடிப் பார்த்தேன். 202-வது பிரிவின் ஒரு உட்பிரிவு சொல்கிறது: அதிபர், துணை அதிபர், காங்கிரஸ் உறுப்பினர், கூட்டாட்சி நீதிபதி ஆகியோர் இதில் வரும் 'அதிகாரி', 'ஊழியர்' என்ற சொற்களுக்குள் வரமாட்டார்கள். 1989-ல் நீங்கள்தான், அதாவது உங்கள் முன்னோர்கள்தான், இதைச் சேர்த்தார்கள். மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம் என்பதைச் சட்ட மொழியில் இவ்வளவு சுத்தமாக எழுதி நான் பார்த்ததில்லை.

இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். 1974-ல் நெல்சன் ராக்பெல்லர் துணை அதிபராக நியமிக்கப்பட்டபோது, அவ்வளவு சொத்துள்ள மனிதரை இந்தப் பிரிவு கட்டுமா என்று கேள்வி எழுந்தது. நீதித்துறை கட்டாது என்றது. நான் ஒதுங்கினால் பக்கத்து மேசைக்காரர் பார்ப்பார், அதிபர் ஒதுங்கினால் யார் பார்ப்பது? நியாயமான கேள்விதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அது வேலையிலிருந்து ஒதுங்குவதைப் பற்றிய கேள்வி. சொத்திலிருந்து ஒதுங்கச் சொல்வதற்கு என்ன தடை? பதவிக்காகச் சொத்தை விற்கும் அதிகாரிகள் மூலதன ஆதாய வரியைத் தள்ளிப்போட அதே 1989 சட்டத்தில் வழி செய்து வைத்திருக்கிறீர்கள். விற்கச் சொல்லத் தெரிந்திருக்கிறது, உச்சியில் இருப்பவரிடம் மட்டும் சொல்லவில்லை.

ஒரு காலத்தில் சொல்லவேண்டிய தேவையும் பெரிதாக இருக்கவில்லை. ஜிம்மி கார்ட்டர் தன் நிலக்கடலைத் தொழிலைப் பிளைண்ட் டிரஸ்டில், அதாவது தான் தலையிட முடியாதபடி வேறொருவர் பார்த்துக்கொள்ளும் பொறுப்பில், ஒப்படைத்துவிட்டுப் போனார். அப்படி ஒப்படைத்தும், அந்தத் தொழிலுக்கு வந்த கடன்களை விசாரிக்க 1979-ல் அவருடைய நீதித்துறையே பால் கர்ரன் என்ற தனி வழக்கறிஞரை நியமித்தது. குற்றம் எதுவும் இல்லை என்று அவர் அறிக்கை கொடுத்தார். 1981-ல் ஊர் திரும்பிய கார்ட்டர் கண்டது, தொழில் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கடனில். ஒபாமா பெரும்பாலும் அரசுக் கடன்பத்திரங்களையும் குறியீட்டு நிதிகளையும் வைத்துக்கொண்டார். இதெல்லாம் வழக்கம். வழக்கத்தை மீறினால் தண்டனை கிடையாது.

2017 ஜனவரி 11 அன்று நியூயார்க்கில் நடந்த செய்தியாளர் சந்திப்பு ஞாபகம் இருக்கிறதா? பதவியேற்கப்போகும் டொனால்ட் டிரம்ப்பின் பக்கத்து மேசையில் மஞ்சள் காகித உறைகள் அடுக்கடுக்காக. தொழிலை மகன்களிடம் ஒப்படைக்கும் ஆவணங்கள் என்றார்கள். உரிமை அவருடைய டிரஸ்டிலேயே இருந்தது, அதுவும் எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யக்கூடிய டிரஸ்ட். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாய் பிள்ளைகளுடையது, வயிறு அப்பாவுடையதாகவே இருந்தது. அதிபருக்கு நலமுரண், அதாவது பதவிக் கடமையும் சொந்த லாபமும் மோதுவது, என்ற ஒன்றே இருக்க முடியாது என்று அதற்கு இரண்டு மாதம் முன்னரே அவர் பத்திரிகையாளர்களிடம் சொல்லியிருந்தார். கேட்டுக் கொதித்தவர்களில் நானும் ஒருத்தி. அப்புறம்தான் 202-ஐப் படித்தேன். 208-வது பிரிவைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி. எழுதிக் கொடுத்தவர்கள் நீங்கள்.

அரசமைப்புச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். காங்கிரஸின் சம்மதம் இல்லாமல் வெளிநாட்டு அரசிடமிருந்து பரிசோ ஆதாயமோ பெறக் கூடாது என்கிற வரி முதல் ஷரத்திலேயே இருக்கிறது. அதற்கு முன்பிருந்த கூட்டமைப்பு விதிகளிலும் அந்தத் தடை உண்டு. பெஞ்சமின் பிராங்க்ளின் பிரான்சிலிருந்து கிளம்பும்போது பதினாறாம் லூயி மன்னர் 408 வைரம் பதித்த தன் உருவப்படத்தைக் கொடுத்தார். பிராங்க்ளின் அதைக் காங்கிரஸிடம் காட்டி, வைத்துக்கொள்ள அனுமதி வாங்கினார். 1840-ல் மஸ்கட் இமாம் குதிரைகளும் முத்துகளும் அனுப்பியபோது அதிபர் வான் பியூரன் என்ன செய்வது என்று உங்கள் சபையைத்தான் கேட்டார்.

2025 மே மாதம் கத்தார் அரசு கொடுத்த போயிங் 747-8 விமானத்தைப் பாதுகாப்புத் துறை ஏற்றுக்கொண்டது. மதிப்பு சுமார் 40 கோடி டாலர். பதவிக்காலம் முடிந்தபின் அது தன் அதிபர் நூலகத்துக்குப் போகும் என்று மறுபடி அதிபராகியிருந்த டிரம்ப் சொன்னார். உங்கள் இரு அவைகளிலும் இதற்குச் சம்மத வாக்கெடுப்பு நடக்கவில்லை. நடத்தச் சொல்லி நீங்கள் சபையை முடக்கவும் இல்லை. என்னுடைய 34 டாலர் சாக்லேட்டுக்கு ஒரு மின்னஞ்சல் பதிவாவது இருக்கிறது.

அதே வருடம் ஜனவரி 17-ல், பதவியேற்புக்கு மூன்று நாள் முன்பு, அதிபரின் பெயரில் ஒரு மீம் நாணயம், அதாவது பெயரின் கவர்ச்சியை நம்பி வாங்கி விற்கும் கிரிப்டோ நாணயம், வந்தது. மே 22-ல் அதை அதிகம் வைத்திருந்த 220 பேருக்கு அவருடைய வர்ஜீனியா கோல்ப் கிளப்பில் அதிபருடன் விருந்து. அவர் குடும்பத்தோடு தொடர்புள்ள கிரிப்டோ நிறுவனத்தின் யுஎஸ்டி1 நாணயத்தைக் கொண்டு, அபுதாபியின் எம்ஜிஎக்ஸ் நிறுவனம் பைனான்ஸ் (Binance) என்ற கிரிப்டோ சந்தையில் 200 கோடி டாலர் முதலீடு செய்தது. அக்டோபரில் பைனான்ஸ் நிறுவனர் சாங்பெங் ஜாவோவுக்கு அதிபரின் மன்னிப்பு கிடைத்தது. நலமுரண் எதுவுமில்லை என்கிறது வெள்ளை மாளிகை. ஒன்றுக்கு ஒன்று விலை என்று நானும் சொல்லமாட்டேன், அதற்கு என்னிடம் ஆதாரம் கிடையாது. ஆனால் என் கணவரின் பங்கு விஷயத்தில் யாரும் ஆதாரம் கேட்கவில்லையே. வரம்பைத் தாண்டியது, எழுந்து போ என்றார்கள்.

இது ஒரு கட்சியின் நோய் என்று ஜனநாயகக் கட்சிக்காரர்கள் தலையாட்டவேண்டாம். மகனுக்கு மன்னிப்பு தரமாட்டேன் என்று சொல்லிவந்த பைடன் 2024 டிசம்பர் 1-ல் கொடுத்தார். பதவியின் கடைசி நாளில் உடன்பிறந்தவர்களுக்கும் கொடுத்தார். 2001-ல் கிளின்டனின் கடைசி நாள் பட்டியலில் அவர் தம்பியும் இருந்தார், தப்பியோடிய கோடீஸ்வரர் மார்க் ரிச்சும் இருந்தார்.

சரி, தவறு நடந்தால் யார் கேட்பது? பதவியிலிருக்கும் அதிபர் மேல் குற்றப்பத்திரிகை போட முடியாது, காங்கிரஸ் பதவிநீக்கம் செய்யட்டும் என்று நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் 1973-லும் 2000-லும் எழுதிவைத்தது. 2021 பிப்ரவரி 13-ல் டிரம்ப் மீதான பதவிநீக்க விசாரணையில் செனட்டில் 57 பேர் குற்றவாளி என்றும் 43 பேர் இல்லை என்றும் வாக்களித்தார்கள், மூன்றில் இரண்டு பங்கு வரவில்லை. இல்லை என்று வாக்களித்த மிட்ச் மெக்கானல் அதே நாளில் எழுந்து, முன்னாள் அதிபர்களுக்கு நீதிமன்றம் இருக்கிறது என்றார். 2024 ஜூலை 1-ல் உச்ச நீதிமன்றமோ, அதிபரின் மைய அதிகாரங்களுக்கு முழு விலக்குரிமை, மற்ற அலுவல்பூர்வச் செயல்களுக்கும் விலக்குரிமை இருப்பதாகவே கொள்ளவேண்டும் என்று 6-3 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. முதல் பதவிக்காலத்தில் வெளிநாட்டு அரசுகளிடம் ஆதாயம் பெற்றதாக டிரம்ப் மேல் போட்ட வழக்குகள் என்ன ஆயின? பதவிக்காலம் முடிந்துவிட்டது, இனி விசாரிக்க ஒன்றுமில்லை என்று 2021 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளிவிட்டது. அங்கே போ, இங்கே போ என்று ஒவ்வொரு கவுன்ட்டரிலும் சொல்லிக் கடைசியில் அலுவலகத்தையே பூட்டிவிடுவார்களே, அதே கதை.

நீங்கள் எப்போதுமே இப்படி இருந்ததில்லை. 1920-களில் செனட்டில் பெரும்பான்மை குடியரசுக் கட்சி, அதிபர் ஹார்டிங்கும் அதே கட்சி. இருந்தும் அதே செனட்டின் குழுவில் மொன்டானாவின் தாமஸ் வால்ஷ், எதிர்க்கட்சிக்காரர், அரசு எண்ணெய் நிலங்களைத் தனியாருக்கு விட்ட டீப்பாட் டோம் குத்தகைகளைக் குடைந்துகொண்டே போனார். உள்துறை அமைச்சர் ஆல்பர்ட் பாலுக்கு எண்ணெய் முதலாளி எட்வர்ட் டொஹெனியின் மகன் ஒரு கறுப்புப் பையில் ஒரு லட்சம் டாலர் நோட்டுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தது வெளிவந்தது. லஞ்சம் வாங்கியதற்காக பால் சிறைக்குப் போனார். அதே லஞ்சத்தைக் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட டொஹெனி விடுதலை ஆனார். வேடிக்கைதான். ஆனாலும் ஓர் அமைச்சர் பதவிக்காலக் குற்றத்துக்காகச் சிறைக்குப் போனது அதுவே முதல்முறை. சாட்சிகளை அழைத்து விசாரிக்கும் காங்கிரஸின் அதிகாரத்தை உச்ச நீதிமன்றம் 1927-ல் உறுதிசெய்ததும் அந்தக் காலத்து ஊழல் விசாரணைகளிலிருந்து கிளைத்த வழக்கில்தான்.

நான் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. அரசமைப்பைத் திருத்தவேண்டாம். உச்ச நீதிமன்றம் கொடுத்த விலக்குரிமை அலுவல்பூர்வச் செயல்களுக்கு. கோல்ப் கிளப்பும் நாணயமும் எந்த அலுவலும் இல்லை. 202-ல் இருக்கும் அந்த விலக்கை எடுங்கள், ஒதுங்கச் சொல்வதற்குப் பதில் விற்கச் சொல்லுங்கள். இன்னொன்று, காலவரம்பு. பெரும்பாலான கூட்டாட்சிக் குற்றங்களுக்கு ஐந்து வருடத்துக்குள் வழக்குப் போடவேண்டும். இரண்டு முறை தொடர்ந்து ஆள்பவருக்கு எட்டு வருடம். முதல் வருடத்தில் செய்தது அவர் இறங்குவதற்கு முன்பே காலாவதி. பிரான்சில் அதிபர் பதவியில் இருக்கும்வரை அந்தக் கடிகாரம் நின்றிருக்கும், அவர்களுடைய அரசமைப்பின் 67-வது பிரிவு அது. இங்கே சாதாரணச் சட்டத்தாலேயே நிறுத்தலாம், நிறுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது.

ஏன் செய்யவில்லை என்பதற்கு என்னிடம் ஓர் ஊகம் உண்டு. அந்த விலக்கு வரியில் அதிபருக்கு அடுத்து இரண்டு பெயர் தள்ளி நீங்களும் இருக்கிறீர்கள். எந்தத் தொழிலை ஒழுங்குபடுத்த வாக்களிக்கிறீர்களோ அந்தத் தொழிலின் பங்கையே காலையில் வாங்கி மாலையில் விற்கலாம். 2012-ல் நீங்களே கொண்டுவந்த சட்டப்படி அதைக் குறித்த நாளுக்குள் அறிவிக்காவிட்டால் அபராதம் 200 டாலர். எங்கள் அலுவலக வாகனத்தை நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியதற்கு நான் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாகக் கட்டினேன்.

ஆகவே இந்த முறை நன்றிக் கடிதம் வேண்டாம். அந்த வரியில் அதிபரின் பெயரோடு சேர்த்து உங்கள் பெயரையும் அடித்துவிடச் சம்மதமா, இல்லையா? ஒரு சொல் போதும். தமிழில் எழுதவேண்டிய அவசியமில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கொள்முதல் ஊழியர் ஒருத்தி