பத்திரிகையில் கியூஆர் போடும் அச்சகத்தாருக்கு ஒரு திறந்த மடல்

கல்யாணப் பத்திரிகை அச்சிடும் அச்சக உரிமையாளர்களுக்கும் டிசைனர்களுக்கும் வணக்கம்.

தை முகூர்த்த வேலைகள் குவியும் முன் இதைச் சொல்லிவிட நினைக்கிறோம். மண்டபத்துக்கு வழிகாட்டும் கியூஆர் கோடு இப்போது பல பத்திரிகைகளில் வருகிறது. வெளியூரிலிருந்து வரும் பெரியவர் காரை ஓரங்கட்டிவிட்டு அதை ஒருமுறைதான் முயன்று பார்ப்பார். திறக்காவிட்டால் டீக்கடையில் வழி கேட்கப் போய்விடுவார். அந்த ஒருமுறையில் திறக்க வேண்டும்.

முதலில் லிங்க். கூகுள் மேப்பின் முகவரிப் பட்டையில் இருப்பதை அப்படியே காப்பி செய்தால் 200 எழுத்தைத் தொடும். கியூஆரில் உள்ள கறுப்பு வெள்ளைக் குட்டிச் சதுரங்கள் 57-க்கு 57 கட்டமாகிவிடும். 'ஷேர்' கொடுத்து எடுக்கும் குறுகிய லிங்க் 41 எழுத்துதான். பிழைதிருத்தம் என்பது சில கட்டங்கள் கெட்டாலும் கியூஆரைப் படிக்க வைக்கும் வசதி; அதன் 'எம்' அளவில் இந்த லிங்க் 29-க்கு 29 கட்டத்தில் அடங்கும். 2 செ.மீ. சதுரத்தில் முன்னதில் ஒரு கட்டம் 0.35 மி.மீ., பின்னதில் 0.69 மி.மீ. சொரசொரப்பான அட்டையில் மை கசிந்தாலும் பெரிய கட்டம் தாங்கும், சின்னது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். லிங்கின் வாலில் கேள்விக்குறியும் அதற்குப் பிறகு எழுத்துகளும் இருந்தால் வெட்டிவிடுங்கள். கியூஆர் செய்து தரும் இலவசத் தளங்களின் 'டைனமிக்' வகை வேண்டாம். அதில் இருப்பது அந்தத் தளத்தின் முகவரி; அங்கே போய்த்தான் மேப்புக்குத் திருப்பிவிடப்படும். சோதனைக் காலம் முடிந்து அவர்கள் நிறுத்தினால் அச்சடித்த அத்தனை பத்திரிகையும் வீண். 'ஸ்டாடிக்' வகையில் நீங்கள் கொடுத்த லிங்கே நேராக இருக்கும், அதற்குக் காலாவதி கிடையாது.

அதிகம் கெடுப்பது தங்க ஃபாயில், அதாவது எழுத்தின் மேல் ஒட்டும் மினுமினுப்புத் தாள்தான். அரக்குச் சிவப்பு அட்டையில் அது அழகு, மறுக்கவில்லை. ஆனால் ஃபாயில் கண்ணாடி மாதிரி: போனை ஒரு கோணத்தில் பிடித்தால் பளிச்சென்று வெளுக்கும், சற்றே சாய்த்தால் கறுக்கும். எது கட்டம், எது வெற்றிடம் என்று கேமராவுக்குப் பிடிபடாது. பெயர்களுக்கு ஃபாயில் போடுங்கள். கியூஆருக்கு மட்டும் வெள்ளையாகவோ சந்தன நிறத்திலோ ஒரு சதுரம் விட்டு, கறுப்பு மை ஒன்றிலேயே அடியுங்கள். நான்கு நிறம் கலந்த கறுப்பில் ரிஜிஸ்டர், அதாவது நிறங்கள் ஒன்றன்மேல் ஒன்று சரியாகப் பொருந்துவது, விலகினால் ஓரம் மங்கும். சுற்றிலும் நான்கு கட்ட அகலம், அதாவது இந்த அளவில் ஏறக்குறைய 3 மி.மீ., காலியாக இருக்க வேண்டும். தோரணமும் பார்டரும் அதற்குள் வரக்கூடாது. மடிப்பும் கியூஆர் மேல் விழக்கூடாது.

நடுவில் பிள்ளையார் வேண்டும் என்று வீட்டார் கேட்டால் படம் மறைக்கும் கட்டங்களை ஈடுகட்ட, பிழைதிருத்தத்தை அதிகபட்சமான 'எச்' அளவுக்கு உயர்த்துங்கள். அதே லிங்க் 37-க்கு 37 கட்டமாகும் என்பதால் சதுரத்தையும் 2.5 செ.மீ. ஆக்குங்கள். படம் சிறிதாக இருக்கட்டும், மூன்று மூலைச் சதுரங்களைத் தொடவே வேண்டாம்.

'ஸ்கேன் மீ' என்று மட்டும் போட்டால் எதற்கு என்று யாருக்கும் புரியாது. 'மண்டபத்துக்கு வழி: போன் கேமராவை இங்கே காட்டுங்கள்' என்று எழுதினால் கை தானாகப் போனை எடுக்கும். கீழே 'பஸ் ஸ்டாண்டுக்குப் பின்புறம்' என்பதுபோல் ஓர் அடையாளமும் சேருங்கள், நெட் இல்லாதவருக்கு உதவும்.

வாசல் ஃப்ளெக்ஸில் கியூஆரின் அகலம், ஸ்கேன் செய்யும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு என்பது கணக்கு: 3 மீட்டருக்கு 30 செ.மீ. வாட்ஸ்அப்பில் அனுப்பும் படத்துக்குக் கீழே லிங்கையும் எழுத்தாகக் கொடுங்கள். கையில் இருக்கும் ஒரே போனில் வந்த படத்தை அதே போனின் கேமராவால் பிடிக்க முடியாது.

மொத்தமும் அடிக்கும் முன், அதே அட்டையில் அதே அளவில் ஒரு புரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுங்கள். டியூப்லைட் வெளிச்சத்தில், பழைய விலை குறைந்த போனில் திறந்து பாருங்கள். ஒரே பெயரில் இரண்டு மண்டபம் உள்ள ஊர்கள் உண்டு. மேப்பில் இடத்தைக் காட்டும் 'பின்' குறி விழுவது சரியான மண்டபத்தின் முன்வாசலில்தானா என்று வீட்டாரே பார்த்து ஓகே சொன்ன பிறகு மெஷினில் ஏற்றுங்கள்.

அன்புடன்,
கியூஆர் வடிவமைப்புத் தொழிலில் உள்ள சிலர்