காக்கைக்கும் கூகைக்கும் ஒரே மதிப்பெண்ணா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் இளையோர் இணைப்பில், நிலம், நீர், நெருப்பு, காற்று இவற்றில் ஒன்றை ஆட்டிவைக்கும் வீரர்களின் கதையைச் சொல்லும் 'அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்' என்ற அனிமேஷன் தொடரின் வீரர்களை வலிமைப்படி வரிசைப்படுத்திய பட்டியலைப் படித்தேன். நெருப்பை ஆளும் அஸூலாவுக்கு நூற்றுக்கு 96, நீரை ஆளும் கட்டாராவுக்கு 74. காரணம் ஒரே வரி: நீல நெருப்பு, மின்னல். நான் பள்ளியில் இயற்பியல் சொல்லிக்கொடுப்பவள். 2005 முதல் 2008 வரை வந்த அந்த 61 அத்தியாயங்களையும் ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகளோடு உட்கார்ந்து மூன்று முறை பார்த்திருக்கிறேன். அந்த மதிப்பெண்களைப் பார்த்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை.

வடதுருவத்தில் கட்டாராவும், அஸூலாவைப் போலவே நெருப்பை ஆளும் அவளுடைய அண்ணன் ஜூகோவும் மோதுவதை எடுத்துக்கொள்ளுங்கள். முழுநிலா வானில் இருக்கும்வரை கட்டாராவின் கை ஓங்கியிருக்கிறது. ஜூகோவைப் பனிக்கட்டியோடு சேர்த்து அடைத்துவிடுகிறாள். பொழுது விடிகிறது. வெயில் பட்டதும் அவன் பனியை உருக்கிக்கொண்டு வெளியே வந்து அவளை மயங்கி விழச் செய்கிறான். அன்றிரவே பனிவெளியில் மறுபடியும் சந்திக்கிறார்கள். மறுபடியும் நிலா. சில நொடிகளில் ஜூகோ விழுந்துவிடுகிறான். ஆளும் மாறவில்லை, பயிற்சியும் மாறவில்லை, பொழுது மட்டும்தான் மாறியது. இதில் எந்தக் கட்டாராவுக்கு 74? பகலில் கூகையைக் காக்கை வென்றுவிடும் என்று நம்மவர்கள் என்றைக்கோ சொல்லிவிட்டார்கள். தண்ணீரை விட்டு வெளியே வந்த முதலையை யார் வேண்டுமானாலும் மடக்கலாம் என்பதும் நமக்குத் தெரிந்ததுதான்.

ரசிகர்களில் சிலர் எடைக் கணக்குப் போடுகிறார்கள். யார் எவ்வளவு பெரிய பாறையைத் தூக்கினார், எவ்வளவு உயர அலையை எழுப்பினார் என்று. என் மாணவர்களும் போடுகிறார்கள், ஆசையாகக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். ஒரு கன மீட்டர் கருங்கல் சுமார் 2,700 கிலோ, அதே அளவு தண்ணீர் 1,000 கிலோ, காற்றோ வெறும் 1.2 கிலோ. இந்தக் கணக்குப்படி மண்ணை ஆள்பவர்தான் எப்போதும் ஜெயிக்க வேண்டும், காற்றை ஆளும் கதாநாயகன் ஆங் முதல் அடியிலேயே தோற்க வேண்டும். தொடரில் அப்படியா நடக்கிறது? ஏர்பெண்டர்களின், அதாவது காற்றை ஆள்பவர்களின், அசைவுகள் பாகுவா என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து எடுத்தவை. வட்டமாகச் சுற்றி, எதிராளியின் அடி விழும் இடத்தில் தான் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் உயிர். அதை எந்தத் தராசில் நிறுப்பது?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எனக்கு இதில்தான் பெரிய வருத்தம். நெருப்பைக் கக்குகிறவரின் வெப்பத்தை எல்லோரும் எண்ணுகிறார்கள். தண்ணீரை உறையவைப்பவள் அதிலிருந்து வெளியேற்றும் வெப்பத்தை யாரும் எண்ணுவதில்லை. 0 டிகிரியில் இருக்கும் ஒரு கிலோ தண்ணீர் பனிக்கட்டியாக மாற, அதிலிருந்து 334 கிலோஜூல் வெப்பம் வெளியேற வேண்டும். அதே தண்ணீரை 80 டிகிரி வரை சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, கிட்டத்தட்ட அவ்வளவு. அதைக் கண்ணிமைக்கும் நேரத்தில் செய்துவிடுகிறாள் அந்தப் பெண். சுடர் எதுவும் தெரிவதில்லை என்பதால் அது வலிமைக் கணக்கிலேயே வராமல் போகிறது.

கடைசிச் சண்டையில் அஸூலா மனம் உடைந்திருந்தாள், அதனால் அந்தத் தோல்வியைச் சேர்க்கக் கூடாது என்கிறார்கள். சரி, உடைந்துதான் இருந்தாள். அவள் கதறுகிற காட்சியில் என் மகளும் அழுதாள். ஆனால் நூறு ஆண்டுக்கு ஒருமுறை வரும் வால்மீன் அன்றைக்கு வானத்தில் நின்று நெருப்பாளர்களின் பலத்தைப் பன்மடங்கு கூட்டியிருந்ததே, அதை ஏன் கழிக்கவில்லை? காலடியில் கம்பித் தட்டி, அதற்கடியில் தண்ணீர், பக்கத்தில் ஒரு சங்கிலி. இவற்றைக் கவனித்து, அஸூலாவை அந்த இடத்துக்கே வரவைத்து, இருவரையும் சேர்த்து உறையவைத்து, பனிக்குள் தான் மட்டும் நகர்ந்து அவள் கைகளைக் கட்டினாள் கட்டாரா. அதற்கு முன்பே, பா சிங் சே என்ற கோட்டை நகரின் அடியில், தெளிவாக இருந்த அஸூலாவின் கையையும் காலையும் நீரால் பிடித்தவள்தான் அவள். ஜூகோ வந்து குறுக்கிடாவிட்டால் முடிவு அங்கேயே தெரிந்திருக்கும்.

அஸூலாவை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவளுடைய பெரியப்பா ஐரோ 600 நாள் முற்றுகையிட்டும் விழாத நகரம் பா சிங் சே. அதற்குள் மாறுவேடத்தில் புகுந்து, அங்கிருந்த காவல் படையையே தன் பக்கம் திருப்பி, நகரைப் பிடித்தாள். என்னைக் கேட்டால் நீல நெருப்பைவிட இதுதான் பெரிது. உங்கள் பட்டியலில் இதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. மண்ணை ஆள்பவளான, இரும்பையே வளைத்த டாஃப் மணலில் தடுமாறியதும் அந்தப் பட்டியலில் இல்லை. நிலம், நீர், நெருப்பு, காற்று எதுவும் வசப்படாமல், விரலால் குத்தியே பெரிய பெரிய வீரர்களின் கைகால்களை முடக்கிப்போட்ட டை லீக்கு இடமே தரவில்லை.

என் மகள் ஒரு நோட்டில் கட்டம் போட்டு வைத்திருக்கிறாள். யாரோடு யார், எங்கே, பகலா இரவா, பக்கத்தில் என்ன இருந்தது, என்ன ஆயிற்று. மதிப்பெண்ணுக்குக் கட்டமே இல்லை. அடுத்த முறை பட்டியல் போடும்போது இடத்துக்கும் பொழுதுக்கும் இரண்டு கட்டங்களாவது சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். வடதுருவச் சண்டை வரும் பக்கத்தை நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். இடமிருந்தால் அதையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓர் இயற்பியல் ஆசிரியை