செயலாளர் ஆண்டறிக்கை: ட்ரிகருக்குக் கம்பெனி பார்ட்டா, வெளி பார்ட்டா?

நம் துப்பாக்கி சுடும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வழக்கமான விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். வரவு செலவைப் பொருளாளர் அண்ணன் வாசிப்பார். ரேஞ்சின் கூரையை ஐப்பசி மழைக்கு முன்பே மாற்றிவிட்டோம், டார்கெட் பேப்பர் இந்த வருடம் ஒன்றுகூட நனையவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்களில் பெண் பிள்ளைகள்தான் அதிகம். பாபநாசத்திலிருந்தும் திருவையாற்றிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்கள் இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும், அதனால் மாலையில் முதல் லேன் அவர்களுக்குத்தான்.

சரி, இனி ட்ரிகர், அதாவது பிஸ்டலின் விசை. அதற்குப் பிஸ்டல் தயாரித்த கம்பெனியின் பார்ட்டையே போடுவதா, வெளியார் செய்ததைப் போடுவதா என்று இந்த வருடம் ஒவ்வொரு கூட்டத்திலும் இதே பேச்சாக இருந்ததால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஆடியில் வெளியூர்ப் போட்டிக்குப் போனபோது நம் பெண் ஒருத்தியின் ஏர் பிஸ்டல் எடைச் சோதனையில் நின்றுவிட்டது. பத்து மீட்டர் ஏர் பிஸ்டலுக்கு ட்ரிகர் எடை, அதாவது சுடுவதற்கு ட்ரிகரை இழுக்க வேண்டிய பலம், 500 கிராமுக்குக் குறையக் கூடாது. காற்றேற்றிய பிஸ்டலின் ட்ரிகரில் எடைக்கல்லை மாட்டி, குழாயைச் செங்குத்தாக நிமிர்த்தித் தூக்குவார்கள்; கல் மேசையை விட்டு எழும்ப வேண்டும், ட்ரிகர் விடக் கூடாது. மூன்று வாய்ப்பு உண்டு. மூன்றாவது முறையும் டிக் என்று விட்டது. பக்கத்தில் இருந்தவரிடம் ஆலன் கீ வாங்கித் திருகை முறுக்கி ஒருவழியாகப் பாஸ் செய்தோம், ஆனால் அதற்குள் பிள்ளையின் கை நடுங்கத் தொடங்கிவிட்டது, அறுபது குண்டும் அந்த நடுக்கத்தோடுதான் போட்டாள்.

ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தால் காரணம் ஸ்பிரிங். சித்திரையில் பழையது உடைந்தபோது இங்கேயே ஒரு பட்டறையில் அதே அளவுக்குச் சுற்றி வாங்கிப் போட்டிருந்தோம். முதல் வாரம் 520 கிராம் காட்டியது, எல்லோருக்கும் சந்தோஷம். மூன்று மாதத்தில் தளர்ந்துவிட்டது. பட்டறைக்காரரைக் குறை சொல்ல மாட்டேன், நாம் கொடுத்த மாதிரியைப் பார்த்து அவர் அச்சு அசலாகச் செய்துகொடுத்தார். கம்பி எந்த ரகம், எப்படிப் பதம் போட்டது என்று நமக்கே தெரியாதபோது அவரிடம் எதைச் சொல்லியிருப்போம்?

என்னை இன்னும் உலுக்கியது வேறொன்று. சங்கத்தின் பழைய பிஸ்டல் ஒன்றுக்கு வெளி கம்பெனி சியர் போட்டிருந்தோம். ட்ரிகரை இழுக்கும் வரை உள்ளே இருப்பதைப் பிடித்து நிறுத்துகிற சின்ன இரும்புத் துண்டு அது, ஒன்றோடொன்று கவ்வுகிற விளிம்பு மயிரிழை அளவுதான். அந்த விளிம்பு கெட்டியாக இருந்தால்தான் கவ்வும். கார்த்திகையில் ஒரு நாள் குண்டு போட்டு லிவரை மூடிய உடனே, விரல் ட்ரிகரைத் தொடாமலேயே பிஸ்டல் சுட்டுவிட்டது. குழாய் டார்கெட் பக்கம் இருந்ததால் குண்டு மணல் மேட்டில் இறங்கியது. லென்ஸ் வைத்துப் பார்த்தோம், பல் மழுங்கிய கருக்கரிவாள் மாதிரி விளிம்பு வழவழவென்று உருண்டு கிடந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார்: "அண்ணே, எங்க டிராக்டருக்கு வெளி பார்ட் போட்டுத்தான் ஓட்டுறோம், ஒண்ணும் ஆகலையே?" நியாயமான கேள்வி. டிராக்டரில் பார்ட் போனால் பெரும்பாலும் வண்டி வயலில் நின்றுவிடும், நாற்று ஒரு நாள் தாமதமாகும். சியர் போனால் துப்பாக்கி நிற்காது, சுடும். அதனால் செயற்குழு முடிவு இது: ட்ரிகர் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங், சியர், பின் எல்லாமே கம்பெனி பார்ட்தான். வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், சுங்க வரியும் சேரும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் நேரும், தெரிந்துதான் சொல்கிறோம். தயாரிப்பே நின்றுபோன மாடலுக்கு மட்டும் பெயர் பெற்ற வேறு நிறுவனத்தின் பார்ட் போடலாம், அதுவும் வாரா வாரம் எடை பார்த்து நோட்டில் எழுதுகிற நிபந்தனையோடு.

வெளியே கை படுகிற இடங்களில் இந்தக் கெடுபிடி வேண்டாம். விரல் வைக்கும் பிளேடை வேறு கம்பெனியில் வாங்கிப் போட்டவர்களுக்கு நன்றாகவே அமைந்திருக்கிறது, கையளவு சின்னதாக இருக்கும் பிள்ளைகளுக்குக் கம்பெனி பிளேடை விட அதுதான் சௌகரியம். கைப்பிடியான கிரிப்பும் அப்படித்தான். தஞ்சாவூரில் வீணை செய்கிற ஆசாரி ஒருவர் பலா மரத்தில் செதுக்கிக் கொடுத்த கிரிப்பைப் பிடித்துப் பாருங்கள், உள்ளங்கைக் குழியில் அப்படியே உட்காரும். கிரிப் மாற்றினால், போட்டியில் அளவு சரிபார்க்கிற 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் பிஸ்டல் அடங்குகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கையிருப்பு பற்றியும் சொல்ல வேண்டும். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் தகுதிச் சுற்றின் நடுவில் நம் நாட்டு வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டல் பழுதானது, சரிசெய்து வந்து மிச்ச நேரத்தில் சுட்டு 575 எடுத்தார், 12ஆம் இடம், ஃபைனல் கைநழுவியது. அதே பெண் 2024இல் பாரிஸில் இரண்டு வெண்கலம் வாங்கினார். அவ்வளவு பெரிய இடத்திலேயே பழுது வரும் என்றால் நாம் ஸ்பேர் இல்லாமல் போட்டிக்குப் போவது சரியில்லை. மாடலுக்கு ஒரு ஸ்பிரிங் செட் வாங்கச் செயற்குழு ஒப்புக்கொண்டிருக்கிறது. சொந்த பிஸ்டல் வைத்திருப்பவர்களும் சேர்ந்து ஆர்டர் போட்டால் அனுப்பும் செலவு குறையும், மாடல் பெயரையும் வேண்டிய பார்ட்டையும் தை பிறப்பதற்குள் என்னிடம் எழுதிக் கொடுங்கள்.

எடைக்கல் ரேஞ்ச் அலமாரியில் இரண்டாவது தட்டில் இருக்கிறது. சாவி என்னிடமும் பொருளாளர் அண்ணனிடமும் கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.